பழைய புல்லட்டின் ஐட்லிங் கோளாறு: ஒரு வரலாறு

ஆக்சிலேட்டரை விட்டபின் என்ஜின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு அடிப்பதும், சிக்னலில் நிற்கும்போது தானாக அணைந்துபோவதும் பழைய மோட்டார் சைக்கிள்களில் காணப்படும் பொதுவான கோளாறுகள். மெக்கானிக்குகள் இதை 'ஐட்லிங் நிற்கவில்லை', 'ஸ்லோ நிற்கவில்லை' என்பார்கள். ஓடும்போது நன்றாக ஓடும் வண்டி நிற்கும்போது மட்டும் தடுமாறுவது பலருக்குப் புதிராக இருக்கும்.

இதற்குக் காரணம் எளியது. ஐட்லிங்கில் என்ஜினுக்குள் மிகக் குறைந்த அளவு காற்றும் பெட்ரோலும் செல்கின்றன. அப்போது கிடைக்கும் ஆற்றல், என்ஜின் தன் சொந்த உராய்வை வென்று சுழலுவதற்கு மட்டுமே போதும். அந்நிலையில் ஊசிமுனையளவு அடைப்போ, தலைமுடியளவு காற்றுக் கசிவோ, ஒரு வலுவற்ற தீப்பொறியோ போதும், என்ஜின் அணைந்துவிடும். வேகத்தில் மறைந்திருக்கும் குறைகள் எல்லாம் ஐட்லிங்கில் வெளிப்படுகின்றன.

பழைய வண்டியில் உள்ள ஒவ்வொரு பாகமும் ஒரு குறிப்பிட்ட காலத்தில், ஒரு குறிப்பிட்ட குறையைத் தீர்க்க வந்தது. பழைய குறை தீர்ந்தாலும் அதன் இடத்தில் புதியது ஒன்று வந்தது. ஆகவே எந்தப் பாகம் ஏன் வந்தது என்று அறிந்தவர், கோளாறு வந்தால் எங்கே முதலில் பார்க்க வேண்டும் என்பதையும் அறிவார். சென்னையில் பல பத்தாண்டுகள் தயாரிக்கப்பட்ட ராயல் என்ஃபீல்டு புல்லட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

ஐட்லிங் தேவைப்படாத காலம்

1885ஆம் ஆண்டு ஜெர்மனியின் கான்ஸ்டாட் நகரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் பெட்ரோல் என்ஜின் பொருத்திய இருசக்கர வண்டி ஒன்றைச் செய்தனர். அதில் தீப்பொறி பிளக் கிடையாது. நெருப்பால் சூடாக்கப்பட்ட ஒரு சிறு குழாயே கலவையைப் பற்றவைத்தது. எப்போது பற்ற வேண்டும் என்பதைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த வழியில்லை.

பெட்ரோலைக் காற்றுடன் கலக்கும் முறையும் அக்காலத்தில் எளிமையானது. ஒரு பெட்டியில் உள்ள பெட்ரோலின் மேற்பரப்பின் மீது காற்றைச் செலுத்தி, ஆவியை உறிஞ்ச வைத்தனர். வெயில், குளிர், சாலைக் குலுக்கல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஏற்பக் கலவை மாறியது. 1893இல் மைபாக் பெட்ரோலை நுண்துளை வழியே தெளிக்கும் கார்ப்பரேட்டரை உருவாக்கினார். அதே ஆண்டில் ஹங்கேரியில் டொனாட் பான்கி, யானோஷ் சோன்கா ஆகிய இருவரும் இதையொத்த ஒரு கார்ப்பரேட்டருக்குக் காப்புரிமை பெற்றனர். இன்றும் பழைய வண்டிகளில் உள்ள கார்ப்பரேட்டர்கள் இந்தத் தெளிப்பு முறையின் வழிவந்தவையே.

ஆனால் 1900களின் தொடக்கத்தில் ஐட்லிங் ஒரு பெரிய கவலையாக இருக்கவில்லை. அக்கால மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவற்றுக்குக் கிளட்சும் இல்லை, கியரும் இல்லை. என்ஜினிலிருந்து ஒரு பெல்ட் நேரே பின்சக்கரத்துக்குச் சென்றது. வண்டி நின்றால் என்ஜினும் நிற்கும். மறுபடி கிளம்ப, மிதிக்க வேண்டும் அல்லது ஓடித் தள்ளி ஏற வேண்டும். கிளட்சும் கியர்ப்பெட்டியும் பரவிய பிறகே, வண்டி நிற்க, என்ஜின் மட்டும் ஓடும் நிலை தேவைப்பட்டது. நகரப் போக்குவரத்து பெருகியபோது அது இன்றியமையாததாயிற்று.

மேக்னெட்டோவும் பேட்டரியும்

தீமூட்டலில் பெரிய மாற்றம் 1902இல் வந்தது. ராபர்ட் பாஷ் நிறுவனத்தின் பொறியாளர் காட்லோப் ஹோனோல்ட், பிளக்கில் பாயும் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். இதற்குப் பேட்டரி தேவையில்லை. என்ஜின் சுழலும்போது மேக்னெட்டோவும் சுழன்று மின்சாரம் தரும். நீண்ட பயணத்தில் நடுவழியில் பேட்டரி தீர்ந்துவிடும் என்ற அச்சம் நீங்கியது.

ஆனால் மேக்னெட்டோவுக்கு ஒரு குறை உண்டு. மெதுவாகச் சுழன்றால் தீப்பொறி வலுவிழக்கும். கிக்கரை உதைக்கும்போதும் ஐட்லிங்கிலும்தான் அது மிக மெதுவாகச் சுழலும். தீப்பொறி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மிக வலுவற்றதாக இருந்தது.

பேட்டரி, காயில், பாயிண்ட் ஆகிய மூன்றும் சேர்ந்த முறை இக்குறையைத் தீர்த்தது. பேட்டரியில் மின்சாரம் இருக்கும்வரை மெதுவான வேகத்திலும் முழுத் தீப்பொறி கிடைக்கும். ஆனால் கோளாறு வேறிடத்துக்கு நகர்ந்தது. ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரம் குறைவு. ஹெட்லைட்டும் எரிந்தால் செலவு வரவை மிஞ்சும். பேட்டரி பழையதாக இருந்தால் மின்னழுத்தம் இறங்கி, தீப்பொறி தளர்ந்து, என்ஜின் அணையும். பகலில் நன்றாக ஓடி, இரவில் சிக்னலில் மட்டும் அணையும் பழைய வண்டியில் கார்ப்பரேட்டரைத் தொடுவதற்கு முன் பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

அமல் கார்ப்பரேட்டர்

1927இல் பர்மிங்காமைச் சேர்ந்த அமாக், பிரவுன் அண்டு பார்லோ ஆகிய நிறுவனங்களும் பிங்க்ஸ் நிறுவனமும் இணைந்து அமல் என்ற பெயரில் ஒன்றாயின. அடுத்த பல பத்தாண்டுகளுக்குப் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பெரும்பாலானவை அமல் கார்ப்பரேட்டருடன் வந்தன.

அமல் கார்ப்பரேட்டரில் ஒரே வேலையை நான்கு பாகங்கள் முறை வைத்துச் செய்கின்றன. ஆக்சிலேட்டர் மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்கு திறக்கும்வரை பைலட் ஜெட் பெட்ரோலைத் தருகிறது. எட்டில் ஒன்றிலிருந்து நான்கில் ஒன்று வரை ஸ்லைடின் வெட்டு கலவையைத் தீர்மானிக்கிறது. நான்கில் ஒன்றிலிருந்து முக்கால் வரை ஊசி. அதற்கு மேல் மெயின் ஜெட்.

ஆகவே ஐட்லிங்கில் மட்டும் தடுமாறி, வேகத்தில் நன்றாக ஓடும் வண்டியில் மெயின் ஜெட்டை மாற்றுவதால் பயன் இல்லை. அப்போது வேலை செய்வது பைலட் ஜெட் மட்டுமே. அதன் துளை மிக நுண்ணியது. பல மாதங்கள் நிறுத்திவைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகி எஞ்சும் பிசின் அத்துளையை எளிதில் அடைத்துவிடும்.

1950களின் நடுவில் வந்த அமல் மோனோபிளாக், அதுவரை தனியாக இருந்த ஃப்ளோட் அறையைக் கார்ப்பரேட்டர் உடலுடன் ஒன்றாக்கியது. 1967இல் கான்சென்ட்ரிக் வந்தது. இவற்றின் உடலும் ஸ்லைடும் துத்தநாகக் கலவையால் வார்க்கப்பட்டவை. ஒரே வகை உலோகம் ஒன்றோடொன்று உரசும்போது இரண்டும் தேயும். தேய்ந்த ஸ்லைடின் ஓரமாகக் காற்று நுழைந்தால், ஏர் ஸ்குரூவை எப்படித் திருப்பினாலும் ஐட்லிங் ஒரு நிலையில் நிற்காது. கார்ப்பரேட்டரை என்ஜினுடன் பிணைக்கும் நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கினால் ஃப்ளாஞ்ச் வளைந்து அங்கும் காற்று நுழையும். கோளாறைத் தீர்க்க எண்ணி இறுக்கிய நட்டே கோளாறுக்குக் காரணமாவது பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் அடிக்கடி காணப்படும் ஒன்று.

சென்னைக்கு வந்த புல்லட்

இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரில் இயங்கிய ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1930களின் தொடக்கத்திலிருந்து புல்லட் என்ற பெயரைப் பயன்படுத்தியது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டுகளை வாங்கியது. 1955இல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையின் வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இறக்குமதிப் பாகங்களைப் பூட்டினர். பின்னர் வார்ப்பு அச்சுகளும் கருவிகளும் வாங்கப்பட்டு முழு வண்டியும் இங்கேயே உருவாயிற்று.

ரெடிட்ச் தொழிற்சாலை 1967இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆனால் அந்த 1950களின் வடிவமைப்பு திருவொற்றியூரில் சிற்சில மாற்றங்களுடன் இரண்டாயிரங்கள் வரை தொடர்ந்தது. இதனால் ஒரு விந்தையான நிலை உருவானது. பிரிட்டனில் பழம்பொருள் ஆர்வலர்களிடம் மட்டும் எஞ்சிய பாயிண்ட் இடைவெளி, டேப்பெட் சரிசெய்தல், பைலட் ஜெட் சுத்தம் போன்ற வேலைகள், தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஊரிலும் அன்றாடத் தொழிலாக நீடித்தன. காவல்துறை, ராணுவம், பால்காரர், விவசாயி என்று புல்லட் வைத்திருந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது.

350 சிசி புல்லட்டின் சிலிண்டர் விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 90 மி.மீ. நீண்ட ஓட்டமும் கனமான ஃப்ளைவீலும் இருப்பதால் மிக மெதுவாகவும் அது ஓடும். அந்த 'டப் டப்' ஓசைக்காகவே பலர் ஐட்லிங்கை அளவுக்கு மீறிக் குறைத்து வைத்தனர். அப்படி வைத்தால் ஆயில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், ஆல்டர்னேட்டரும் குறைவாகத் தரும், சிறு குறை இருந்தாலும் வண்டி அணையும். கோளாறே இல்லாத வண்டியும் சிக்னலில் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

1980களில் ஜப்பானிய நிறுவனங்களின் கூட்டுடன் 100 சிசி வண்டிகள் இந்தியாவுக்கு வந்தன. அதே காலத்தில் சென்னையின் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிகுனி நிறுவனத்துடன் இணைந்து 'மிக்கார்ப்' கார்ப்பரேட்டர்களைத் தயாரித்தது. புல்லட்டிலும் மிக்கார்ப் இடம்பெற்றது. வேலை செய்யும் முறை அமலைப் போன்றதே என்பதால் பழைய மெக்கானிக்குகளுக்கு அது எளிதில் கைவந்தது.

கோளாறு காணும் வரிசை

மேற்கண்ட வரலாற்றிலிருந்தே கோளாறைத் தேடும் வரிசையும் பிறக்கிறது. முதலில் தீப்பொறி, பிறகு காற்றுக் கசிவு, பிறகு வால்வு, கடைசியில் கார்ப்பரேட்டர் சரிசெய்தல் என்பது பொதுவான ஒழுங்கு. இதற்குக் காரணம் உண்டு. மற்ற மூன்றில் எது தவறினாலும் ஏர் ஸ்குரூவைத் திருப்பித் தற்காலிகமாக மறைத்துவிடலாம். மறைத்த குறை இரண்டு நாளில் மீண்டும் வரும்.

தீப்பொறி: பிளக்கைக் கழற்றி நிறம் பார்க்க வேண்டும். பிஸ்கட் நிறம் சரியான கலவையைக் காட்டும். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி. வெண்மையாக இருந்தால் காற்று மிகுதி. எண்ணெய்ப் பசையுடன் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். புல்லட்டின் பாயிண்ட் முழுமையாகத் திறந்த நிலையில் இடைவெளி சுமார் 0.35 முதல் 0.40 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜால் இதை அளக்கலாம். பாயிண்டின் நார்க்குதி தேயத் தேய இடைவெளி சுருங்கும், தீப்பொறி தாமதமாகும். பாயிண்ட் முகம் கருகி, அங்கு நீலப் பொறி பறந்தால் கண்டன்சரைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் சூடானபின் மட்டும் அணைந்து, ஆறியபின் ஓடினால் கண்டன்சர் அல்லது காயில் காரணமாக இருக்கலாம். பாயிண்டுக்கு அடியில் உள்ள அட்வான்ஸ் எடைகளின் ஸ்பிரிங் தளர்ந்தால் ஐட்லிங் ஏறி இறங்கி ஆடும்.

பழைய புல்லட்டின் ஹெட்லைட் மேல் உள்ள ஆம்பியர் மீட்டர் இங்கு உதவும். சாவி போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தும்போது, பாயிண்ட் மூடினால் முள் செலவுப் பக்கம் சாயும், திறந்தால் நடுவுக்கு வரும். முள் அசையவே இல்லை என்றால் பாயிண்டுக்கு மின்சாரம் வரவில்லை. அல்லது பாயிண்ட் திறக்கவோ மூடவோ இல்லை.

பெட்ரோல் வரவு: சில கிலோமீட்டர் ஓடி அணைந்து, டேங்க் மூடியைத் திறந்தால் மீண்டும் ஓடும் வண்டியில் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருக்கும். பெட்ரோல் டேப்பின் வலையிலும் ஃப்ளோட் அறையின் அடியிலும் துருவும் தண்ணீரும் தேங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

காற்றுக் கசிவு: ஆக்சிலேட்டரை விட்டபின் வேகம் உடனே இறங்காமல் தொங்கி நின்று, பிறகு திடீரென்று அணைவது கசிவின் அடையாளம். கார்ப்பரேட்டருக்கும் என்ஜின் ஹெட்டுக்கும் இடையிலான இணைப்பில் சிறிது எண்ணெய் அல்லது கிரீஸ் தடவினால் ஐட்லிங் மாறுகிறதா என்று பார்க்கலாம். மாறினால் கேஸ்கெட்டோ ரப்பரோ புதிதாக்கப்பட வேண்டும். சூடான என்ஜின் மீது பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பது தீ விபத்தில் முடியும்.

வால்வு: புல்லட்டில் டேப்பெட் சரிசெய்யும்போது என்ஜின் ஆறியிருக்க வேண்டும். புஷ்ராடு மேலும் கீழும் ஆடாமல், விரலால் தடையின்றிச் சுற்றும்படி இருக்க வேண்டும். இறுகியிருந்தால் வால்வு முழுதாக மூடாது. அழுத்தம் கசிந்து ஐட்லிங் சாகும். கிக் அடிப்பதை எளிதாக்க வைத்த டிகம்ப்ரஸர் வால்விலும் கரி படிந்தாலோ, அதன் கேபிள் இறுகியிருந்தாலோ இதே விளைவு உண்டாகும்.

கார்ப்பரேட்டர்: இவை அனைத்தும் சரி என்றான பிறகே ஏர் ஸ்குரூவுக்கு வர வேண்டும். பைலட் ஜெட்டைக் கழற்றி, கார்ப்பரேட்டர் கிளீனராலும் காற்றாலும் சுத்தம் செய்ய வேண்டும். கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும். என்ஜின் நன்கு சூடானபின் ஏர் ஸ்குரூவை மென்மையாக முழுவதும் உள்ளே திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குவது வழக்கம். அங்கிருந்து இருபுறமும் சிறிது சிறிதாகத் திருப்பி, என்ஜின் அதிக வேகத்தில் சீராக ஓடும் இடத்தைக் கண்டு நிறுத்தி, ஸ்லைடைத் தாங்கும் ஸ்குரூவால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அமல், மிக்கார்ப் வகைகளில் ஏர் ஸ்குரூவை உள்ளே திருப்பினால் பெட்ரோல் விகிதம் கூடும். பிற்காலக் கார்ப்பரேட்டர்கள் பலவற்றில் அந்த ஸ்குரூ என்ஜின் பக்கம் இருக்கும், உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். இந்த மாற்றத்தை அறியாமல் திருப்பினால் கோளாறு கூடும். சோதிக்கும்போது மூடிய அறையில் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

சட்டமும் எரிபொருளும்

வண்டி நிற்கும்போது வெளிவரும் புகை நகரங்களின் சிக்கலானபோது, ஐட்லிங் சட்டத்துக்குள் வந்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 115ஆம் விதி, ஐட்லிங்கில் வெளிவரும் கார்பன் மோனாக்சைடுக்கு வரம்பு வைத்தது. 2000 மார்ச் வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு அது 4.5 விழுக்காடு. அதன் பின் வந்தவற்றுக்கு அது 3.5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. புகைச் சான்றிதழுக்காக ஏர் ஸ்குரூவை வெளியே திருப்பி, சான்று வாங்கியபின் பழைய நிலைக்கு மாற்றும் பழக்கமும் இதனுடன் வந்தது. மாற்ற மறந்த வண்டிகள் சிக்னலில் அணைந்தன.

ஈயம் கலந்த பெட்ரோல் 2000ஆம் ஆண்டு நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. காற்றுக்கு அது பெரும் நன்மை. ஆனால் ஈயம் பழைய என்ஜின்களின் வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்தும் வந்தது. இருக்கை தேய்ந்தால் வால்வு மேலே ஏறி டேப்பெட் இறுகும். எனவே டேப்பெட்டை அடிக்கடி பார்க்க வேண்டியதாயிற்று. 2023 பிப்ரவரியில் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் உள்ளதால், பழைய பெட்ரோலுக்கு அளந்து வைத்த ஜெட்டில் கலவை சற்று மெலியும். எத்தனால் ஈரத்தையும் ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் கெடுக்கவும் செய்யும். நீண்ட நாள் நிறுத்தும் வண்டியில் ஃப்ளோட் அறையைக் காலி செய்து வைப்பது முன்னிலும் தேவையாகியுள்ளது.

ஸ்குரூ மறைந்த காலம்

2000களில் புல்லட் வகைகளில் பாயிண்டுக்குப் பதில் மின்னணு இக்னிஷன் வந்தது. இடைவெளி பார்க்கும் வேலை மறைந்தது. 2009இல் வெளிவந்த கிளாசிக் 500 வண்டியில் எரிபொருள் ஊசி முறை இடம்பெற்றது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புல்லட் 350 வண்டியும் கார்ப்பரேட்டரை விட்டது. இப்போது ஆக்சிஜன் சென்சார் புகையை அளந்து சொல்ல, கணினி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஐட்லிங் ஸ்குரூவைத் தேடினாலும் கிடைக்காது. கோளாறு வந்தால் ஸ்கேனர் கருவி ஒரு எண்ணைக் காட்டும்.

ஆனால் சாலையில் இன்னும் ஓடும் பழைய வண்டிகளுக்கு ஸ்கேனர் உதவாது. அவற்றின் கோளாறைக் காதால் கேட்டு, பிளக்கைப் பார்த்து, விரலால் புஷ்ராடைச் சுற்றிக் காண்பவர்களின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. புதிதாகத் தொழில் கற்பவர்கள் ஊசி முறையையே கற்கிறார்கள். காரணம் தெரியாதபோது முழுக் கார்ப்பரேட்டரையும் மாற்றுவது வழக்கமாகிறது. சிறு செலவில் முடியக்கூடிய கண்டன்சர் வேலை பல ஆயிரம் ரூபாய்ச் செலவாகிறது. அதன் பின்னும் வண்டி சிக்னலில் அணைகிறது. பழைய வண்டியின் வரலாற்றை அறிவது அதை வைத்திருப்பவருக்குப் பணத்தையும் மிச்சப்படுத்துகிறது, நெரிசலான சாலையின் நடுவே நின்றுபோகும் ஆபத்திலிருந்தும் காக்கிறது.